விசாரணை ஆணையச் செயலாளரின் ஆவணப் பொறுப்புகள்

விசாரணை ஆணையச் செயலாளர் என்பவர், மத்திய அரசோ மாநில அரசோ 1952-ஆம் ஆண்டு விசாரணை ஆணையங்கள் சட்டத்தின்கீழ் அமைக்கும் ஆணையத்தின் அலுவலகத் தலைவர் ஆவார். ஆணையத்தின் தலைவராகப் பெரும்பாலும் பணியில் உள்ள அல்லது ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் இருப்பார். செயலாளராக நீதித்துறை அலுவலரோ அரசின் ஆட்சிப் பணி அலுவலரோ நியமிக்கப்படுவது வழக்கம். செய்திகளில் அடிபடுவது நீதிபதியின் பெயர். செயலாளரின் பெயரை, மனுக்கள் வரவேற்கப்படுகின்றன என்ற நாளிதழ் விளம்பரத்தின் அடியில் மட்டும்தான் பார்க்க முடியும். ஆனால் ஆணையத்துக்கு வந்த ஒவ்வொரு காகிதமும் அவர் அலுவலகத்தின் வழியாகத்தான் உள்ளே போகிறது. ஆணையம் கலையும்போது அவர் கையொப்பத்தோடுதான் வெளியே போகிறது.

செயலாளரின் பணிகளைச் சட்டம் தனியாகப் பட்டியலிடவில்லை. ஆணையம் தன் நடைமுறையைத் தானே வகுத்துக்கொள்ளலாம் என்று 8-ஆம் பிரிவு சொல்கிறது. அந்த நடைமுறை, அரசு வகுத்த விதிகள், நீதிமன்ற அலுவலக மரபு, அரசு அலுவலகக் கோப்பு மரபு ஆகியவை சேர்ந்ததே அவருடைய கடமைப் பட்டியல்.

ஆவணம் ஏன் இவ்வளவு முக்கியம்

விசாரணை ஆணையம் நீதிமன்றம் அன்று. மாணவர்கள் பலர் இந்த இடத்தில் குழம்புவதுண்டு. சாட்சிகளை வரவழைத்தல், பிரமாணம் செய்வித்து விசாரித்தல், ஆவணங்களைக் கொண்டுவரச் சொல்லுதல் ஆகியவற்றில் ஆணையத்துக்கு உரிமையியல் நீதிமன்றத்தின் அதிகாரங்கள் உண்டு (பிரிவு 4). ஆனால் யாரையும் தண்டிக்கவோ, இழப்பீடு கொடுக்கும்படி கட்டளையிடவோ முடியாது. ஆணையத்தின் வேலை உண்மைகளைக் கண்டறிந்து சொல்வதுதான், அதன் பரிந்துரைகள் தாமாகவே நடைமுறைக்கு வந்துவிடா என்பதை ராமகிருஷ்ண டால்மியா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1958-இலேயே தெளிவாக்கிவிட்டது. ஆணையத்தின் முன் ஒருவர் சொன்ன வாக்குமூலத்தை, பொய்ச்சாட்சி வழக்கைத் தவிர வேறு எந்த வழக்கிலும் அவருக்கு எதிராகப் பயன்படுத்த முடியாது என்று 6-ஆம் பிரிவும் பாதுகாப்பு அளிக்கிறது.

அப்படியானால் ஆணையம் உருவாக்குவது என்ன? ஓர் அறிக்கை, அந்த அறிக்கைக்கு ஆதாரமான காகிதக் கட்டுகள். வேறு எதுவும் இல்லை. நீதிமன்றத்தில் ஒரு கோப்பு சிதைந்தாலும் தீர்ப்பு என்ற ஒன்று மிஞ்சி நிற்கும். ஆணையத்தில் ஆவணம் சிதைந்தால் மிஞ்சுவது வெறும் அபிப்பிராயம். அதனால்தான் 'எழுத்தர் வேலை' என்று தோன்றக்கூடிய பதிவேட்டுப் பணி இங்கே செயலாளரின் தலையாய கடமையாகிறது.

முதல் கோப்பு

ஆணையத்தை அமைத்த அரசாணை, அரசிதழ் அறிவிப்பு, விசாரணை வரம்புகள், கால நீட்டிப்பு ஆணைகள் ஆகியவை ஒரே கோப்பில் தேதி வரிசைப்படி இருக்க வேண்டும். இது சிறிய வேலைபோலத் தோன்றும். ஆனால் பாபர் மசூதி இடிப்பை விசாரித்த லிபரான் ஆணையத்தை எண்ணிப் பாருங்கள். 1992 டிசம்பர் 16-இல் அமைக்கப்பட்ட அந்த ஆணையத்துக்கு முதலில் தரப்பட்ட அவகாசம் மூன்று மாதம். அறிக்கை கொடுத்தது 2009 ஜூன் 30-இல். இடையில் 48 நீட்டிப்புகள். ஒரு நீட்டிப்பு முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள் நடந்த அமர்வு எந்த ஆணையின்படி நடந்தது என்று யாராவது கேட்டால், செயலாளர் எடுத்துக்காட்ட வேண்டியது இந்த முதல் கோப்பைத்தான்.

மனுக்களும் பிரமாணப் பத்திரங்களும்

அறிவிப்பு வெளியானதும் மனுக்கள் வரத் தொடங்கும். தபாலில் வருபவை, நேரில் கொடுப்பவை, வழக்கறிஞர் மூலம் வருபவை, பெயரில்லாமல் வருபவை, ஒரே மனிதர் மூன்று முறை அனுப்புபவை என்று எல்லாம் கலந்து வரும். நெருக்கடிநிலைக் கால அத்துமீறல்களை விசாரிக்க 1977-இல் அமைக்கப்பட்ட ஷா ஆணையத்துக்குச் சுமார் 48,000 புகார்கள் வந்தன. கணினி இல்லாத காலம். ஒவ்வொன்றுக்கும் எண் இட்டு, மாநிலவாரியாகவும் பொருள்வாரியாகவும் பிரித்து, எது ஆணையத்தின் வரம்புக்குள் வருகிறது என்று பார்த்தாக வேண்டும்.

வந்த அன்றே தேதி முத்திரை, பதிவேட்டில் வரிசை எண், கொடுத்தவருக்கு ஒப்புகைச் சீட்டு ஆகிய மூன்றும் தவறக் கூடாது. கடைசித் தேதியை ஒட்டித் தபாலில் வந்தவற்றின் உறையையும் மனுவோடு சேர்த்து வைப்பது நல்ல வழக்கம். அஞ்சல் முத்திரைத் தேதிதான் பிறகு சாட்சி சொல்லும். வரம்புக்குள் வராத மனுவையும் தூக்கிப் போடக் கூடாது. 'வரம்புக்கு அப்பாற்பட்டது' என்று குறிப்பெழுதி, அதற்கான தனிக் கட்டில் வைக்க வேண்டும். பிறகு ஒருவர் வந்து, 'நான் கொடுத்தேன், ஆணையம் பார்க்கவே இல்லை' என்று சொன்னால் பதில் சொல்ல அது ஒன்றே வழி.

ஒப்புகைச் சீட்டைப் பற்றி ஒரு வார்த்தை. துப்பாக்கிச் சூட்டில் பிள்ளையைப் பறிகொடுத்த தாய் ஒருவர், யாரிடமோ எழுதி வாங்கிய மனுவை எடுத்துக்கொண்டு பேருந்து மாறி வந்து கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அரசாங்கம் தன் பேச்சைக் காதில் வாங்கியது என்பதற்கு அவரிடம் மிஞ்சும் ஒரே அத்தாட்சி அந்தத் துண்டுச் சீட்டுதான். அதில் எண் தெளிவாக இருக்க வேண்டும். அந்த எண்ணைக் கேட்டு அவர் எப்போது வந்தாலும் மனு கைக்குக் கிடைக்க வேண்டும்.

நோட்டீஸ்

சம்மன்களின் அலுவலகப் பிரதி, சார்வு செய்யப்பட்டதற்கான கையொப்பம், 'விலாசத்தில் இல்லை' என்று திரும்பி வந்த உறை ஆகியவை அந்தந்தச் சாட்சியின் கோப்பில் சேரும். இவற்றுள் மிகுந்த கவனம் தேவைப்படுவது 8-பி பிரிவு நோட்டீஸ். ஒருவருடைய நடத்தையை ஆராய்வது தேவை என்று ஆணையம் கருதினாலோ, விசாரணையால் ஒருவருடைய நற்பெயருக்குப் பாதகம் நேரும் என்று தோன்றினாலோ, அவருக்கு விளக்கம் அளிக்க வாய்ப்புத் தர வேண்டும் என்கிறது அந்தப் பிரிவு. அவர் வழக்கறிஞரை வைத்துக்கொள்ளவும் குறுக்கு விசாரணை செய்யவும் 8-சி பிரிவு உரிமை அளிக்கிறது.

இதைக் கோட்டை விட்டால் என்ன ஆகும் என்பதற்கு பாகல்பூர் உதாரணம். பீகாரில் 1989-இல் நடந்த பாகல்பூர் கலவரத்தை விசாரித்த ஆணையம், தன் அறிக்கையில் எல்.கே. அத்வானியைப் பற்றிப் பாதகமான கருத்துகளைப் பதிவு செய்தது. அவருக்கு 8-பி நோட்டீஸ் அனுப்பப்படவில்லை. அவர் வழக்குத் தொடர்ந்தார். பாட்னா உயர் நீதிமன்றம் அந்தக் கருத்துகளை நீக்கியது. பீகார் அரசின் மேல்முறையீட்டில் உச்ச நீதிமன்றமும் 2003-இல் அதை உறுதி செய்தது. கருத்து சரியா தவறா என்ற கேள்விக்குள்ளேயே நீதிமன்றம் போக வேண்டியிருக்கவில்லை. நோட்டீஸ் இல்லை என்ற ஒன்றே போதுமானதாக இருந்தது.

நோட்டீஸ் கொடுப்பதா வேண்டாமா என்று முடிவெடுப்பது ஆணையத்தின் தலைவர், செயலாளர் அல்லர். ஆனால் அறிக்கை எழுதும் கட்டத்தில், அதில் குறை கூறப்படும் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே 'நோட்டீஸ் தேதி, சார்வான தேதி, பதில் வந்த தேதி' என்று ஓர் அட்டவணையைத் தலைவர் மேசையில் வைக்கக் கூடியவர் செயலாளர்தான். என்னைக் கேட்டால், ஒரு செயலாளர் வைத்திருக்க வேண்டிய எல்லாப் பதிவேடுகளிலும் பெரிய பதிவேடு இந்த ஒற்றைத் தாள்தான்.

வாக்குமூலம்

சாட்சி பேசுவது பெரும்பாலும் தட்டச்சாகவோ சுருக்கெழுத்தாகவோ பதிவாகும். அதைச் சாட்சிக்குப் படித்துக் காட்டி, ஒவ்வொரு பக்கத்திலும் கையொப்பம் அல்லது கைரேகை வாங்க வேண்டும். அடித்தல் திருத்தல் இருந்தால் அந்த இடத்திலேயே சுருக்கொப்பம் வேண்டும். மாலையில் 'அப்புறம் வந்து போடுகிறேன்' என்று கிளம்பிய சாட்சி மறுநாள் வராமல் போவதுண்டு. கையொப்பமில்லாத வாக்குமூலம் அரைக்காசு பெறாது.

மொழி இன்னொரு சிக்கல். தமிழில் பேசிய சாட்சியின் வார்த்தைகள் ஆங்கிலத்தில் பதிவாகும்போது பொருள் நழுவும். 'அடிச்சாங்க' என்று ஒருவர் சொன்னால், கையாலா, தடியாலா, சுட்டார்களா? தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கத்துப் பேச்சில் ஒரு சொல்லுக்கு உள்ள பொருள் சென்னையிலிருந்து வந்த சுருக்கெழுத்தருக்குத் தெரியாமல் போகலாம். ஆகவே சாட்சி சொன்ன சொல்லை அப்படியே தமிழில் எழுதி வைத்துக்கொண்டு, மொழிபெயர்ப்பைத் தனியாகச் சேர்த்து, மொழிபெயர்த்தவரின் பெயரையும் சான்றையும் இணைப்பதே பாதுகாப்பானது. ஒலி, ஒளிப்பதிவு இருந்தாலும் எழுத்துப் பதிவுக்கு அது மாற்றாகாது, துணைதான்.

மூடிய அறையில் பதிவான சாட்சியத்தைத் தனி உறையில் முத்திரையிட்டு வைக்க வேண்டும். யார், எப்போது, யார் உத்தரவின்படி பிரித்தார்கள் என்பதை உறையின் மேலேயே எழுதுவது பழைய நீதிமன்ற வழக்கம். இன்றும் அதைவிட எளிய முறை இல்லை.

சான்றாவணங்கள்

ஆணையத்தின் முன் வரும் ஆவணங்களுக்கு வரிசை எண் இடப்படும். சான்றாவணப் பதிவேட்டில் எண், ஆவணத்தின் விவரம், தேதி, யார் மூலம் வந்தது, அசலா நகலா, எத்தனை பக்கம் ஆகியவை இருக்கும். 'அசலா நகலா' என்ற பத்தியை நிரப்பாமல் விடுவதுதான் பின்னாளில் தகராறாக வந்து நிற்கும்.

தூத்துக்குடியில் 2018 மே 22-இல் நடந்த போலீஸ் துப்பாக்கிச் சூட்டை விசாரித்த நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சாட்சிகளை விசாரித்தது. சான்றாவணங்களும் ஆயிரத்தைத் தாண்டின. அமர்வுகள் தூத்துக்குடியில் நடந்தன. சென்னையிலும் ஆணையத்துக்கு அலுவலகம் இருந்தது. இத்தகைய ஏற்பாட்டில் கட்டுகள் ஊருக்கு ஊர் பயணம் செய்யும். அனுப்பிய இடத்தில் ஒரு பட்டியல், பெற்ற இடத்தில் அதே பட்டியலில் கையொப்பம், எடுத்துச் சென்றவரின் பெயர் என்ற மூன்றும் இருந்தால்தான் எந்தப் பெட்டி எங்கே நின்றது என்று கண்டுபிடிக்க முடியும்.

அரசு அலுவலகங்களிலிருந்து 4-ஆம் பிரிவின்கீழ் வரவழைத்த மூலக் கோப்புகள் ஆணையத்தின் சொத்து அல்ல, இரவல். வந்த தேதி, பக்க எண்ணிக்கை, திரும்பிய தேதி ஆகியவற்றுக்குத் தனிப் பதிவேடு தேவை. வந்தவுடனேயே பக்கங்களை எண்ணிக் குறித்துவிட வேண்டும். திருப்பும்போது எண்ணினால், குறைந்த பக்கம் அங்கேயே இல்லையா இங்கே தொலைந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது.

காணொளிகளும் கைபேசிப் பதிவுகளும் இப்போது பெருகிவிட்டன. பெற்றவுடன் பிரதி எடுத்துக்கொண்டு, மூலக் கருவியை முத்திரையிட்டு, கோப்பின் ஹாஷ் மதிப்பைப் பதிவேட்டில் எழுத வேண்டும். ஹாஷ் மதிப்பு என்பது ஒரு கணினிக் கோப்பின் கைரேகை போன்ற எண். கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் அது மாறிவிடும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய சட்டத்தில் மின்னணு ஆவணத்துக்கான சான்றிதழ்ப் படிவத்தில் இந்த மதிப்பைக் குறிக்க இடம் உண்டு. ஆணையம் அந்தச் சட்டத்துக்கு முழுமையாகக் கட்டுப்பட்டதன்று. ஆயினும் அதே ஆதாரம் பிறகு நீதிமன்றத்துக்குப் போகலாம் என்பதால் இந்த முறையைக் கடைப்பிடிப்பது நல்லது.

இவை தவிர, அன்றாட அமர்வுக் குறிப்பு, அலுவலர் வருகைப் பதிவேடு, சாட்சிகளுக்கான பயணப்படிக் கணக்கு, வாடகை, வாகனக் கணக்கு போன்றவை எந்த அரசு அலுவலகத்திலும் உள்ளவையே.

அறிக்கையின் பிரதிகள்

அறிக்கை எத்தனை பிரதி அச்சானது, எந்த எண்ணுள்ள பிரதி யாரிடம் போனது, வரைவுப் பக்கங்கள் என்ன ஆயின என்பதற்குக் கணக்கு வேண்டும். அறிக்கை பெற்ற ஆறு மாதத்துக்குள் அரசு அதை நடவடிக்கைக் குறிப்போடு நாடாளுமன்றத்திலோ சட்டமன்றத்திலோ வைக்க வேண்டும் என்பது 3(4) பிரிவு. அதுவரை அறிக்கை ரகசியம். தகவல் அறியும் உரிமைச் சட்டமும், சட்டமன்ற உரிமையை மீறக்கூடிய தகவலைத் தர மறுக்கலாம் என்கிறது.

லிபரான் அறிக்கை 2009 நவம்பரில் அவையில் வைக்கப்படுவதற்கு முன்பே நாளிதழில் கசிந்தது. நாடாளுமன்றத்தில் பெரும் அமளி. உள்துறை அமைச்சகம் தன்னிடம் உள்ள பிரதி பத்திரமாக இருக்கிறது என்றது. நீதிபதி லிபரான் தாம் கசியவிடவில்லை என்றார். நவம்பர் 24-இல் அவசரமாக அறிக்கை அவையில் வைக்கப்பட்டது. இத்தகைய நேரத்தில் இரு தரப்பாரின் மதிப்பையும் காக்கக் கூடியது பிரதிகளின் எண்ணும் கையொப்பமும் உள்ள ஒரு பதிவேடு மட்டுமே.

அறிக்கைக்குப் பிறகு

பணி முடிந்ததும் ஆணையம் கலைந்துவிடும். நீதிபதி வீட்டுக்குப் போவார், செயலாளர் தாய்த்துறைக்குத் திரும்புவார், வாடகைக் கட்டடம் காலியாகும். பெட்டிகள் மட்டும் நிற்கும். ஆவணங்கள் தொலைவது விசாரணையின்போது குறைவு. இந்த வாரத்தில்தான் அதிகம். பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியர் மாறும்போது சேர்க்கைப் பதிவேட்டைப் பக்கம் பக்கமாகச் சரிபார்த்துக் கையொப்பமிட்டு ஒப்படைத்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். அங்கே அடுத்த தலைமையாசிரியர் எதிரில் நிற்பார். இங்கே பொறுப்பை வாங்கிக்கொள்ள அடுத்த செயலாளரே இல்லை.

எதிர்பாராத கலைப்பும் நடக்கும். மும்பைக் கலவரத்தை விசாரித்த ஸ்ரீகிருஷ்ணா ஆணையத்தை மகாராஷ்டிர அரசு 1996 ஜனவரியில் கலைத்தது. அதே ஆண்டு மே மாதத்தில் மீண்டும் அமைத்தது. அறிக்கை 1998 பிப்ரவரியில் வந்தது. கலைத்த அன்று சாட்சியங்கள் ஒழுங்காக இருந்தால்தான் நான்கு மாதம் கழித்து விட்ட இடத்திலிருந்து தொடர முடியும். நாள்தோறும் முடித்து வைக்கும் பழக்கம் இல்லாத அலுவலகத்துக்கு அது இயலாத காரியம்.

ஆகவே ஒப்படைப்புப் பட்டியலைக் கடைசி வாரத்தில் அல்லாமல், முதல் நாளிலிருந்தே வளர்த்து வர வேண்டும். கட்டு எண், உள்ளடக்கம், பக்க எண்ணிக்கை, முத்திரையிட்டவை எவை, திருப்பித் தர வேண்டியவை எவை என்ற விவரங்களோடு அது ஆணையத்தை அமைத்த துறைக்குப் போகும். மத்திய அரசு அமைக்கும் ஆணையங்களுக்கு 1993-ஆம் ஆண்டு பொது ஆவணங்கள் சட்டம் பொருந்தும். விதிகளை மீறி ஆவணத்தை அழிப்பது அதன்படி ஐந்தாண்டு வரை சிறைத்தண்டனைக்கு உரிய குற்றம்.

அழிப்பு என்றதும் நேதாஜி விவகாரம் நினைவுக்கு வரும். சுபாஷ் சந்திர போஸின் மறைவு பற்றி 1956-இல் ஷா நவாஸ் குழு, 1970-இல் கோஸ்லா ஆணையம், 1999-இல் முகர்ஜி ஆணையம் என்று மூன்று முறை விசாரணை நடந்தது. போஸின் மரணச் சூழ்நிலை பற்றிப் பிரதமர் அலுவலகத்தில் இருந்த ஒரு கோப்பை முகர்ஜி ஆணையம் கேட்டபோது, அது 1972-இல் வழக்கமான கழிவு நீக்கத்தில் அழிக்கப்பட்டுவிட்டது என்ற பதில் கிடைத்தது. 1972-இல் கோஸ்லா ஆணையம் இன்னும் விசாரணை நடத்திக்கொண்டிருந்தது! கெட்ட எண்ணம் இருந்ததா, அசட்டையா என்று வாதிடலாம். ஆனால் விசாரணையிலுள்ள பொருள் தொடர்பான கோப்புகளை அழிக்க வேண்டாம் என்று எல்லாத் துறைகளுக்கும் முதல் மாதத்திலேயே கடிதம் அனுப்பி, ஒப்புதல் கடிதத்தைக் கோப்பில் வைத்துக்கொள்வது எந்தச் செயலாளராலும் செய்யக் கூடியதே.

ஷா ஆணையத்தின் கதை வேறு. அதன் மூன்று அறிக்கைகளும் 1978-இல் வெளியாயின. 1980-இல் இந்திரா காந்தி மீண்டும் ஆட்சிக்கு வந்தபின் பிரதிகள் அரிதாகிவிட்டன. திட்டமிட்டுத் திரும்பப் பெறப்பட்டன என்ற பேச்சும் பரவியது. தமிழகத்தைச் சேர்ந்த நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த இரா. செழியன் தம்மிடம் இருந்த பிரதியைக் கொண்டு 2010-இல் அந்த அறிக்கையை மறுபதிப்பாகக் கொண்டுவந்தார். அறிக்கைக்கு அடியில் கிடந்த புகார் மனுக்களும் கோப்புகளும் புதுதில்லி தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன. வரலாற்றாசிரியர் ஞான் பிரகாஷ் நெருக்கடிநிலை பற்றி 2018-இல் வெளியிட்ட நூலுக்கு அவற்றைப் பயன்படுத்தியிருக்கிறார். 1977-இல் எண் இடப்பட்ட கோப்புகளை நாற்பது ஆண்டுகள் கழித்தும் கேட்டு வாங்கிப் படிக்க முடிந்திருக்கிறது.